தில்லிக் காற்றில் தமிழ்ப் பேச்சு

வானொலி என்றால் பலருக்குப் பாட்டு. தில்லித் தமிழருக்கு அது பேச்சுதாங்க. செய்தி, உரை, நாடகம் என்று பேச்சையே பலவிதமாகப் பரிமாறியது பி.பி.சி. அங்கிருந்து 1935இல் லயனல் ஃபீல்டன் தில்லி வந்தார். 1936இல் தில்லி நிலையம் பேசத் தொடங்கிற்று. லண்டனிலிருந்து பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941 முதல் 2017 வரை ஒலித்தது. தில்லியிலிருந்து ஆகாசவாணியில் சரோஜ் நாராயணஸ்வாமி பல்லாண்டு செய்தி வாசித்தார், 2022இல் மறைந்தார். சென்னைப் பத்திரிகை ரயிலேறி வருமுன்னே செய்தி வீட்டுக்குள் வந்துவிடும். கடையில் இந்தி, வீட்டில் கொச்சை; திருத்தமான தமிழை நம் பிள்ளைகள் காதால் கற்றது அந்தப் பெட்டியிடம்தான். கல்லில் வெட்டியது நிற்கும், காற்றில் சொன்னது நிற்காது. அந்தக் குரல்களைப் பதிந்த நாடா பரணில் கிடந்தால் இப்பவே இறக்கி வையுங்கள். நாளைய சரித்திரத்துக்கு அதுவே கல்வெட்டு.