கடல் பிரித்த தாயும் சேயும்

கடல் கடந்து சென்று அயல்நாட்டில் குடும்பம் நடத்துதல் தமிழ் மக்களுக்குப் பழகிய வாழ்க்கை. புக்கிட் மெர்தாஜாமைச் சூழ்ந்த செபராங் பிறை வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்த் தொழிலாளர் வந்து சேர்ந்தனர்; பின்னாளில் பலர் குடும்பத்தோடு நிலைத்தனர். அதே நூற்றாண்டில் எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நிகழ்ந்தது. அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட பெண்கள் சிலர், யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் இல்லறம் நடத்திப் பிள்ளைகளைப் பெற்றனர். அவர்தம் கணவன்மாரைத் தமிழுலகம் நன்கறியும். அத்தாய்மார் பட்ட பாடு அந்த அளவு அறியப்படவில்லை. கல்வி வரலாற்றை நோக்குவோர்க்கு அது பெரிதும் பயன் தருவதாகும்.

உடுவில் இல்லம்

இவ்வரலாறு துயரத்தில் தொடங்குகிறது. 1812இல் கணவர் சாமுவேல் நியூவெலுடன் கல்கத்தாவுக்கு வந்த ஹாரியட் நியூவெல் என்னும் இளம்பெண்ணைக் கிழக்கிந்தியக் கம்பெனி தங்கவிடவில்லை. மொரீசியசு நோக்கிச் செல்கையில் கடலில் பிறந்த குழந்தை இறந்தது. அத்தீவில் தாயும் இறந்தார். அப்போது அவருக்கு வயது 19. மனைவியை இழந்த நியூவெல் இலங்கைக்குச் சென்றார். அதன் தொடர்ச்சியாக 1816இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்டது.

1819 ஜூன் மாதம் பாஸ்டனில் ‘இண்டஸ்’ என்னும் கப்பல் பாய் விரித்தது. அதில் வந்தவர்களுள் இரு பெண்மணிகள் நம் கருத்துக்குரியவர்கள். ஒருவர் மருத்துவர் ஜான் ஸ்கடரின் மனைவி ஹாரியட் ஸ்கடர். உடன் கொணர்ந்த பெண்குழந்தையை அவர் இந்தியாவில் இறங்கிய சிறிது காலத்திலேயே பறிகொடுத்தார். மற்றவர் மைரன் வின்ஸ்லோவின் மனைவி ஹாரியட் வின்ஸ்லோ. 67,000 சொற்களுக்கு மேற்பட்ட தமிழ் ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்ட அந்த வின்ஸ்லோவே இவர்.

வின்ஸ்லோ குடும்பம் 1820இல் உடுவிலில் குடியேறியது. அம்மையார் 1824இல் அங்கே பெண்களுக்கென ஓர் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். பெண்ணைப் படிக்கவைத்தல் வழக்கில் இல்லாத காலம் அது. ஆகவே மாணவியர்க்கு உணவும் உடையும் கொடுத்ததோடு, மணமாகும்போது சீதனமும் கொடுக்க மிஷன் உடன்பட்டது. அப்பள்ளியே இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி.

பிரிவின் காரணம்

ஊரார் பெண்களைத் தம் இல்லத்தருகே வைத்து வளர்த்த அம்மையார், தம் மூத்த மகன் சார்லசை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார். அச்சிறுவன் 1832 மே மாதம், 11ஆம் வயதில் நியூயார்க்கில் இறந்தான். எட்டுத் திங்களுக்குள், 1833 ஜனவரி 14ஆம் நாள், தாயும் உடுவிலில் மறைந்தார்.

இது ஒரு குடும்பத்தின் தனித்துயரன்று. மிஷனரிக் குடும்பங்களின் பொது வழக்கமே இதுவாக இருந்தது. வெப்பமும் வாந்திபேதியும் ஒரு காரணம். அமெரிக்கரின் பிள்ளைகளுக்கேற்ற பள்ளி இல்லாமை மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் தமிழர் ஊன்றி நோக்கத்தக்கது. அப்பிள்ளைகள் ஆயாக்களின் இடுப்பிலிருந்தே தமிழ் கற்றனர். வேலையாட்களோடும் ஊர்ச் சிறுவரோடும் பழகினர். சுற்றுப்புறத்தின் சமயமும் பழக்கவழக்கமும் அவர்களைப் பற்றிக்கொள்ளுமோ எனப் பெற்றோர் அஞ்சினர்.

உறைவிடப் பள்ளியின் அடிப்படையும் இதுவே. தமிழ்ப் பெண்ணை அவள் வீட்டுச் சமயச் சூழலிலிருந்து பிரித்தால்தான் கிறித்தவக் கல்வி வேரூன்றும் என மிஷன் கருதியது. ஒரே கொள்கை இருபுறமும் தாயையும் சேயையும் பிரித்தது. ஆயினும் தமிழ்த் தாயின் மகள் சில கல் தொலைவில் இருந்தாள். அமெரிக்கத் தாயின் மகனோ, பாய்க்கப்பல் நான்கு மாதம் ஓடிச் சேரும் தொலைவில் இருந்தான்.

திரும்பி வந்தவர்கள்

பிரித்து அனுப்பியதன் விளைவு முற்றிலும் எதிர்பார்த்தவாறு அமையவில்லை. ஹாரியட் ஸ்கடரின் புதல்வர் எழுவர் வளர்ந்தபின் இந்தியாவுக்கே மிஷனரிகளாகத் திரும்பினர். அவருள் 1822இல் பண்டத்தரிப்பில் பிறந்த ஹென்றி மார்ட்டின் ஸ்கடர், பிற்காலத்தில் ஆர்க்காட்டு மிஷனை நிறுவியவருள் ஒருவர். தமிழில் சரளமாகப் பேசியும் எழுதியும் புகழ்பெற்றவர். வின்ஸ்லோ அம்மையாரின் மகளும், ஜான் வெல்ஷ் டல்லஸ் என்பவரை மணந்து சென்னைக்கு வந்து சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1953 முதல் 1959 வரை அமெரிக்க அயலுறவு அமைச்சராயிருந்த ஜான் பாஸ்டர் டல்லஸ் அம்மகளின் பேரர் ஆவார்.

அடுத்த தலைமுறையும் இப்பிரிவிலிருந்து தப்பவில்லை. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், சிறுமியாயிருந்தபோது அமெரிக்காவில் விடப்பட்டார். தாய் இந்தியா திரும்பினார். அந்நாளில் பட்ட மனவேதனையால் இந்திய வாழ்வே வேண்டாமென்றிருந்தார் ஐடா. ஆனால் நோயுற்ற தாயைக் காணத் திண்டிவனம் வந்தபோது, ஆண் மருத்துவரை அழைக்க மறுத்த குடும்பங்களில் பிள்ளைப்பேற்றின்போது ஓரிரவில் மூன்று பெண்கள் இறந்ததைக் கண்டு மனம் மாறினார். மருத்துவம் பயின்று திரும்பிய அவர், 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி கண்டார்.

பள்ளி தாயைத் தேடி வந்தது

நோய்க்கு அஞ்சிய அமெரிக்க மதுரை மிஷனார் 1845இல் கோடைக்கானல் மலையில் இரு பங்களாக்கள் கட்டினர். பிள்ளைகள் வெயிலுக்கு ஒதுங்கிய அவ்விடத்தில், 1901இல் மார்கரெட் எட்டி என்னும் அம்மையார் 13 பிள்ளைகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவரும் ஒரு மிஷனரியின் தாயார். மகனைக் காண வந்தவர். பள்ளி மலைமேல் வந்தபின், கல்விக்காகப் பிள்ளையைக் கடல் கடத்தும் கட்டாயம் தளர்ந்தது. அதுவே இன்றைய கோடைக்கானல் அனைத்துலகப் பள்ளி. முதற்கப்பல் வந்து 80 ஆண்டுகளுக்குப் பின்னரே, பள்ளியைத் தாய் இருக்குமிடத்திற்குக் கொணரலாம் என்பது செயலாயிற்று.

இதனை மலாயாவோடு ஒப்பிடுவது பொருந்தும். இங்குத் தோட்டத்துத் தமிழ்த் தாய் பிள்ளையைப் பிரியவில்லை. பால்மரம் சீவச் சென்றபோதும் பிள்ளை ஆயக்கொட்டகையில் அருகிலேயே இருந்தது. ஆனால் நெடுங்காலம் அதற்குப் பள்ளி இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் வாழும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகள் பல வசதிக்குறைவானவை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், தாயையும் தாய்மொழியையும் இழக்காமல் பிள்ளை எழுத்தறியும் வழியை அவை திறந்தன.

இன்று தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. அவற்றின் பள்ளிகளுட் பல நகர்ப்புறங்களுக்கு இடம்பெயர்ந்துள்ளன. பள்ளி ஒன்றை எங்கே அமைப்பது என்னும் கேள்வி எழும்போதெல்லாம் நிலமும் கட்டடமும் கணக்கிடப்படுகின்றன. பிள்ளையின் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள தொலைவும் அக்கணக்கில் சேர வேண்டும். அத்தொலைவு ஒரு குடும்பத்திடம் கேட்கும் விலை எவ்வளவு என்பதற்கு உடுவில் தாயின் வரலாறு சான்றாக உள்ளது.