வாயைக் கட்டத் தெரியாதவர்களா? உடல் பருமன் குற்றமாக்கப்பட்ட கதை

1/
"கொஞ்சம் வாயைக் கட்டுங்க."

உடம்பு பெருத்தவங்க வாழ்க்கையில அதிகம் கேட்ட வாக்கியம் இதுவாத்தான் இருக்கும். சொந்தக்காரங்க சொல்வாங்க, கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரர் சொல்வார், டாக்டரும் சொல்வார். முழங்கால் வலின்னு போனாலும் இதுதான், தலைவலின்னு போனாலும் இதுதான்.

இது மருத்துவ ஆலோசனையா, இல்ல தீர்ப்பா? அந்தத் தீர்ப்போட வரலாறுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
கதை துறவிகள்கிட்ட தொடங்குது. 4ஆம் நூற்றாண்டுல எகிப்துப் பாலைவனத்துல வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவி, மனுஷனைக் கெடுக்கிற எட்டு எண்ணங்கள்னு ஒரு பட்டியல் போட்டார். அதுல முதல் இடம் பெருந்தீனிக்கு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் போப் முதலாம் கிரகோரி அந்தப் பட்டியலைத் திருத்தி ஏழாக்கினார். நம்ம ஊர் ஞானோபதேசத்துல தலையான பாவங்கள் ஏழுன்னு வருமே, அதுல வர்ற "போசனப்பிரியம்" இதுதான்.

3/
இங்க ஒண்ணு கவனிக்கணும். கிரகோரி கணக்குல போசனப்பிரியம்னா குண்டா இருக்கிறது இல்ல. நேரத்துக்கு முன்னாடியே சாப்பிடுறது, ருசியானதையே தேடுறது, அளவு மீறுறது, ஆவலா அள்ளிப் போடுறது, இதெல்லாம்தான் பாவம். அப்படின்னா ஒல்லியா இருக்கிறவரும் அதைச் செய்யலாம்.

பாவம் செயல்ல இருந்துச்சு, இடுப்பளவுல இல்ல. பின்னாடி வந்தவங்கதான் உடம்பையே சாட்சியாக்கினாங்க. என்ன சாப்பிட்டார்னு யாரும் பார்க்க வேண்டியதில்ல. தொப்பையைப் பார்த்தாலே குற்றம் நிரூபணம்.

4/
1863, லண்டன். வில்லியம் பேண்டிங், வயசு 66. அரச குடும்பத்துக்கே இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செஞ்சு கொடுத்த குடும்பம். உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ. குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடியல. மாடிப்படியில திரும்பி நின்னு, பின்பக்கமாத்தான் மெதுவா இறங்குவார்.

5/
சோம்பேறியா அவர்? இல்ல. உடற்பயிற்சி செய்யச் சொன்னாங்கன்னு அதிகாலையில படகு வலிச்சார். உடம்பு பலமாச்சு, கூடவே அகோரப் பசியும் வந்துச்சு. எடை ஏறுச்சு. துருக்கிக் குளியல், மருந்து மாத்திரை எல்லாம் பார்த்தார். எதுவும் நிக்கல.

கடைசியில காது சரியா கேக்கலைன்னு ஹார்வி என்ற காது மருத்துவர்கிட்ட போனார். அவர்தான் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை நிறுத்தச் சொன்னார். ஒரு வருஷத்துல 46 பவுண்டு குறைஞ்சது.

6/
இந்த அனுபவத்தைப் பொதுமக்களுக்கு ஒரு கடிதமா அச்சடிச்சு, முதல்ல இலவசமா கொடுத்தார். ஊரே படிச்சது. டயட் இருக்கிறதுக்கு அவர் பேரையே வச்சுட்டாங்க. ஸ்வீடிஷ் மொழியில இன்னிக்கும் அதுக்கு "பண்டா"ன்னுதான் சொல்றாங்க.

உணவு முறையை எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. அதே கடிதத்துல இன்னொண்ணும் இருக்கு. பொதுக்கூட்டத்துல, வண்டியில, தெருவுல கேக்கிற ஏளனப் பேச்சு பருமனான எந்த மனுஷனையும் குத்தாம விடாதுன்னு எழுதியிருந்தார். அதை யாரும் எடுத்துக்கல.

7/
அடுத்து 1918, அமெரிக்கா. முதல் உலகப் போர் நேரம். லுலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர் எழுதின டயட் புத்தகம் லட்சக்கணக்குல வித்தது. கலோரி எண்ணிச் சாப்பிடுறதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர் அவர்தான்.

போர்க்காலத்துல உணவைப் பதுக்குறது தேசத்துரோகம். கொழுப்பா உடம்புல சேர்த்து வைக்கிறதும் அதே பதுக்கல்தான்னு அவர் எழுதினார். பாவம் போய் துரோகம் வந்துச்சு. குற்றவாளி மட்டும் மாறல. இத்தனைக்கும் அவரே ஒரு காலத்துல 200 பவுண்டைத் தாண்டினவர்.

8/
குற்றவாளின்னு முடிவு பண்ணிட்டா, எந்தத் தண்டனையும் சிகிச்சை மாதிரி தெரியும். டைநைட்ரோஃபீனால்னு ஒரு ரசாயனம். முதல் உலகப் போர்ல வெடிமருந்து செய்யப் பயன்பட்டது. அந்தத் தொழிற்சாலைகள்ல வேலை செஞ்சவங்க இளைச்சாங்க, சிலர் உடம்பு சூடேறிச் செத்தும் போனாங்க.

1933ல ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அதையே எடை குறைப்பு மருந்தா அறிவிச்சாங்க. அமெரிக்காவுல சுமார் 1 லட்சம் பேர் சாப்பிட்டாங்க. பலருக்குக் கண்புரை வந்து பார்வை போச்சு, சிலர் இறந்தாங்க. 1938ல புதுச் சட்டம் வந்த பிறகுதான் அது நின்னது. அந்தப் பவுடர் இன்னிக்கும் ஆன்லைன்ல திருட்டுத்தனமா விக்குது. தயவுசெஞ்சு தொடாதீங்க.

9/
இனி மனவுறுதி விஷயத்துக்கு வருவோம். 1944, மின்னசோட்டா பல்கலைக்கழகம். ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆரோக்கியமான இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். எல்லாரும் மனசாட்சிக்காக ஆயுதம் ஏந்த மறுத்தவங்க. நாடே ஏசினாலும் கொள்கையை விடாதவங்க. மனவுறுதிக்கு இதைவிட ஆள் கிடைக்காது.

24 வாரம் அரைப்பட்டினி, நாளுக்குச் சுமார் 1,600 கலோரி. இன்னிக்கு நிறைய டயட் சார்ட்ல இதைவிடக் குறைவா எழுதிக் கொடுக்கிறாங்க.

10/
எடை கால்வாசி குறைஞ்சது. ஆனா என்ன ஆனாங்க தெரியுமா? நாள் முழுக்கச் சாப்பாட்டுப் பேச்சு. சமையல் புத்தகம் சேர்த்தாங்க. தட்டை நக்கினாங்க. எரிச்சல், மனச்சோர்வு.

பட்டினி முடிஞ்சு சாப்பாடு கொடுத்தப்போ சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டும் பசி அடங்கல. உடம்புல கொழுப்பு பழைய அளவையும் தாண்டிப் போச்சு. அவங்க குணம் கெட்டுப்போச்சா? இல்ல. இழந்ததை உடம்பு வட்டியோட வசூல் பண்ணுச்சு.

11/
"வளர்ப்பு சரியில்ல, அம்மா ஊட்டி ஊட்டி இப்படி ஆக்கிட்டாங்க." இதுவும் பழைய குற்றச்சாட்டு. ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற மனநல மருத்துவர் இதைச் சோதிச்சார். டென்மார்க்ல தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை எடுத்து, அவங்க உடல்வாகை ரெண்டு பெற்றோரோடயும் ஒப்பிட்டார். 1986ல முடிவு வந்துச்சு: அது பெத்தவங்களோட ஒத்துப்போச்சு, வளர்த்தவங்களோட இல்ல.

12/
அப்போ பசியை நடத்துறது யார்? பதில் சுண்டெலியில இருந்து வந்தது. அமெரிக்காவோட ஜாக்சன் ஆய்வகத்துல பிறவியிலேயே அடங்காப் பசியோட பெருத்துப்போற ஒரு வகை சுண்டெலி இருந்துச்சு. டக்ளஸ் கோல்மன் அதோட ரத்த ஓட்டத்தைச் சாதாரண எலியோட இணைச்சார். பெருத்த எலி சாப்பாட்டைக் குறைச்சு இளைச்சது! ரத்தத்துல ஏதோ ஒண்ணு "போதும்"னு சொல்லியிருக்கு.

1994ல ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அதுக்கான மரபணுவைக் கண்டுபிடிச்சது. அதுல இருந்து வர்ற ஹார்மோன் பேர் லெப்டின். கொழுப்பு செல்கள் மூளைக்கு அனுப்புற தகவல் அது.

13/
1997ல கேம்பிரிட்ஜ்ல இருந்து ரெண்டு குழந்தைகளைப் பத்தின ஆய்வு வெளியாச்சு. பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பம், சொந்தத்துல கல்யாணம். எட்டு வயசுப் பொண்ணு 86 கிலோ, ரெண்டு வயசுப் பையன் 29 கிலோ. ஓயாத பசி. சோதிச்சா, ரெண்டு பேருக்கும் லெப்டின் கிட்டத்தட்ட இல்லவே இல்ல.

அந்தப் பொண்ணுக்கு லெப்டின் ஊசி போட்டாங்க. பசி அடங்குச்சு. ஒரு வருஷத்துல 16 கிலோ குறைஞ்சது. அறிவுரை சொல்லல, திட்டல, கேலி பண்ணல. இல்லாத ஹார்மோனைக் கொடுத்தாங்க, அவ்வளவுதான்.

14/
உடனே "எனக்கும் லெப்டின் குறைவா?"ன்னு கேக்காதீங்க. இது மிக மிக அரிது. பருமனான பெரும்பாலானவங்களுக்கு லெப்டின் அதிகமாவே இருக்கும், மூளை அதைச் சரியா கேக்கிறதில்ல. அவங்களுக்கு லெப்டின் ஊசி பலன் தராது.

ஆனா அந்தக் குழந்தைகள் ஒரு உண்மையை நிரூபிச்சாங்க: பசி என்பது குணம் இல்ல, உடலியல்.

15/
"எல்லாம் மரபணுன்னா, முன்னாடி இவ்வளவு பேர் குண்டா இல்லையே?" நியாயமான கேள்வி. 1990ல இருந்து 2022க்குள்ள உலகத்துல பெரியவங்க மத்தியில உடல் பருமன் இரண்டு மடங்குக்கு மேல ஆகிடுச்சு. முப்பது வருஷத்துல மரபணு மாறாது. மாறினது சாப்பாடு, வேலை, தூக்கம், கடைத்தெரு.

கூடவே இதையும் கேளுங்க: உலகம் முழுக்க ஒரே நேரத்துல எல்லாருக்கும் மனவுறுதி குறைஞ்சுபோச்சா?

16/
"திட்டினாத்தான் திருந்துவாங்க." இதுக்கும் ஆய்வு இருக்கு. இங்கிலாந்துல 50 வயசுக்கு மேற்பட்ட சுமார் 3,000 பேரை நாலு வருஷம் கவனிச்சு 2014ல வெளியிட்டாங்க. எடைக்காக அவமதிக்கப்பட்டதா சொன்னவங்களுக்கு எடை கூடியிருந்தது, மத்தவங்களுக்குக் கூடல. அவமானம்தான் காரணம்னு இது ஒண்ணை மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அவமானம் இளைக்க வைக்கும்னு சொல்ல இதுல எந்த ஆதாரமும் இல்ல.

17/
இப்போ செமாக்ளுடைட் மாதிரி ஊசிகள் வந்தாச்சு. 2021 ஆய்வுல 68 வாரத்துல சராசரியா 15 சதவீதம் எடை குறைஞ்சது. இதுவும் மூளையில பசியைக் குறைச்சுத்தான் வேலை செய்யுது. நிறுத்தினா பெரும்பகுதி எடை திரும்பி வருது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினா பிரஷர் ஏறுற மாதிரி.

இதுக்கும் தீர்ப்பு தயார்: "ஊசி போட்டு இளைச்சது ஏமாத்து வேலை." பிரஷர் மாத்திரை போடுறவரை யாராவது ஏமாத்துக்காரர்னு சொல்றோமா? பெருத்தா குற்றம், இளைச்சாலும் குற்றம்னா, பிரச்சினை எடையில இல்ல. பார்க்கிற கண்ணுல.

18/
உடல் பருமன் ஆபத்து இல்லைன்னு நான் சொல்லல. சுகர், பிரஷர், மாரடைப்பு, மூட்டுத் தேய்மானம், தூக்கத்துல மூச்சடைப்பு எல்லாத்துக்கும் அது வழி. சாப்பாடும் நடையும் முக்கியம்தான். அதனாலதான் சொல்றேன், இது சிகிச்சை வேண்டிய விஷயம், தீர்ப்பு வேண்டிய விஷயம் இல்ல.

19/
ஓபியில எடை மெஷின் மேல ஏறப் பயந்து, மூச்சு வாங்குறதைக்கூட சொல்லாம போறவங்க இருக்காங்க. சுகர் 300 தாண்டினப்புறம்தான் வர்றாங்க. தொடக்கத்துலயே வந்திருக்கலாம், திட்டு விழும்னு வரல. ஏளனத்துக்கு நாம கொடுக்கிற விலை இது.

20/
எடை அதிகமா இருக்கிறவங்களுக்கு: மருத்துவர் திட்டுவாரேன்னு பயந்து உட்காராதீங்க. சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், தைராய்டு பாருங்க. "டாக்டர், எடைக்கு என்ன சிகிச்சை இருக்கு?"ன்னு நேராவே கேளுங்க. கேக்கிற உரிமை உங்களுக்கு இருக்கு.

மத்தவங்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த பந்தியில பக்கத்து இலையை எட்டிப் பார்க்காதீங்க. அவங்க நிம்மதியா சாப்பிடட்டும்.