போர்க்குற்ற விசாரணைகளில் குற்ற உணர்வும் மறுப்பும்

போர்க்குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் ஏறியவர்கள் தங்கள் செயலைப் பற்றி என்ன சொன்னார்கள், சொன்னதில் எவ்வளவு காலம் நின்றார்கள் என்பதற்கு முக்கால் நூற்றாண்டுக்கும் மேலான பதிவுகள் இருக்கின்றன. முதல் உலகப் போருக்குப் பின் 1921இல் லைப்சிக் நகரில் ஜெர்மானியரே நடத்திய விசாரணைகள் பெயரளவுக்கு நடந்து முடிந்தன. முழுமையான பதிவு 1945 நவம்பரில் நியூரம்பெர்க்கில் தொடங்குகிறது.

அங்கே கூண்டில் இருந்த நாஜித் தலைவர்கள் ஒருவர்கூடக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஹெர்மன் கோரிங் நீளமாகப் பேசத் தொடங்கியபோது தலைமை நீதிபதி லாரன்ஸ் இடைமறித்து, குற்றவாளியா இல்லையா என்று மட்டும் சொல்லச் சொன்னார். குற்றப்பத்திரிகை சொல்லும் பொருளில் தான் குற்றவாளி இல்லை என்றார் கோரிங். 1961இல் ஜெருசலேமில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்ற நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மனும் ஏறக்குறைய அதே வாசகத்தையே சொன்னார்.

நியூரம்பெர்க்கில் 1945 நவம்பர் 29 அன்று வதைமுகாம்களின் படச்சுருள் திரையிடப்பட்டது. அரங்கின் விளக்குகள் அணைந்தன; கூண்டில் இருப்பவர்களின் முகம் மட்டும் தெரியும்படி சிறு வெளிச்சம் விடப்பட்டிருந்தது. சிறை உளவியலாளர் கில்பர்ட் அந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வால்டர் ஃபுங்க் அழுதார். யால்மர் ஷாக்ட் திரையைப் பார்க்க மறுத்தார். அதுவரை தங்களுக்குச் சாதகமாகப் போய்க்கொண்டிருந்த பிற்பகலைப் படம் கெடுத்துவிட்டது என்பதே கோரிங்கின் குறை.

போலந்தை ஆண்ட ஹான்ஸ் ஃபிராங்க், ஆயிரம் ஆண்டுகள் கழிந்தாலும் ஜெர்மனியின் இந்தப் பழி நீங்காது என்று 1946 ஏப்ரலில் சாட்சியம் அளித்தார். ஆகஸ்ட் இறுதியில் கடைசி உரை நிகழ்த்தும்போது, ஜெர்மானியர்மீது எதிரிகள் இழைத்த கொடுமைகள் அந்தப் பழியைத் துடைத்துவிட்டன என்றார். நான்கு மாத இடைவெளி. அதே கூண்டில் இருந்த ஆல்பர்ட் ஸ்பியரின் கதை இன்னும் நுட்பமானது. ஆட்சியின் குற்றங்களுக்குப் பொதுவாகப் பொறுப்பேற்றார். யூதர் அழிப்பு மட்டும் தனக்குத் தெரியாது என்றார். தூக்கிலிருந்து தப்பி 20 ஆண்டுச் சிறை பெற்று 1966இல் விடுதலையானார். தனக்குத் தெரிந்திருந்தது என்று 1971இல் அவர் எழுதிய தனிக் கடிதம் 2007இல்தான் வெளியே வந்தது.

சொன்னதிலிருந்து பின்வாங்குவது பிற்காலத்திலும் தொடர்ந்தது. போஸ்னிய செர்பியத் தலைவராக இருந்த பில்யானா பிளாவ்சிச் 2002இல், யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் தீர்ப்பாயத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 11 ஆண்டுச் சிறை பெற்றார். 2009இல், சிறையில் இருந்தபடியே சுவீடன் இதழ் ஒன்றுக்குப் பேட்டியளித்து, தான் எந்தத் தவறும் செய்யவில்லை என்றார். கம்போடியாவில் துவோல் ஸ்லெங் சிறையை நடத்திய டுயிக், முன்பு கணித ஆசிரியர். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவர் பொறுப்பில் மாண்டனர். 2009இல் விசாரணை நெடுக உறவினர்களிடம் மன்னிப்புக் கேட்டவர், இறுதி நாளில் தன்னை விடுவிக்கும்படி கேட்டார். எதிரே இருந்தவர்கள் தாய் தந்தையரையும் உடன்பிறந்தோரையும் அந்தச் சிறையில் பறிகொடுத்தவர்கள். மாதக் கணக்கில் கேட்ட மன்னிப்பு அந்த ஒரு கோரிக்கையில் பொருளிழந்தது.

எதற்கும் வளையாதவர்களும் உண்டு. 2017 நவம்பர் 29 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பைக் கேட்ட குரோவாசியத் தளபதி ஸ்லோபோதன் பிரல்யாக், தான் போர்க்குற்றவாளி அல்ல என்று முழங்கி, நீதிமன்றத்திலேயே நஞ்சைக் குடித்து இறந்தார்.

ஹேக் தீர்ப்பாயம் குற்றம் சாட்டிய 161 பேரில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் 20 பேர். முதலாமவர் திராஜென் எர்டெமோவிச், சாதாரணப் படைவீரர். 1995 ஜூலை 16 அன்று பிரான்யெவோ பண்ணையில், போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவிலிருந்து பேருந்துகளில் கொண்டுவரப்பட்ட ஆண்களைச் சுட்ட அணியில் அவரும் இருந்தார். மறுத்தபோது, அவர்களோடு சேர்ந்து நில் என்று மிரட்டப்பட்டதாகச் சொன்னார். சுமார் 70 பேரைத் தான் கொன்றிருக்கலாம் என்று கணக்கும் சொன்னார். 1996இல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது அழுதார். அந்த அழுகையைவிட அதன் முன்னும் பின்னும் அவர் செய்தவையே எடையுள்ளவை. யாரும் அவரைத் தேடாதபோது, தானாகச் செய்தியாளர்களிடம் சென்று நடந்ததைச் சொன்னவர் அவர். அவர் வாய் திறந்திராவிட்டால் அவர்மீது வழக்கே இல்லை. ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அதன் பிறகு போஸ்னிய செர்பியத் தலைவர் கராஜிச், படைத்தளபதி மிலாடிச் உள்ளிட்டோரின் வழக்குகளில் சாட்சி சொன்னார். சொன்ன எதையும் திரும்பப் பெறவில்லை.