மூடிய ஆலை, மூடாத குழி

இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 ஜூனில் நின்றுபோனது. அதை மறுபடி இயக்குவது பற்றிய பேச்சு 2009இல் போர் முடிந்த பின் பலமுறை எழுந்து அடங்கியிருக்கிறது. அந்தத் தொழிலை நம்பியிருந்த கீரிமலை, மாவிட்டபுரம், தையிட்டி, மயிலிட்டிச் சனங்கள் அதைவிட்டு வேறு பிழைப்புக்கு மாற அரசு என்ன செய்யவேண்டும் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆலையை ஊருக்குள் கொண்டுவந்தது அரசுதான். சம்பளம் கொடுத்ததும், கல்லைத் தோண்டியதும் அதுதான். ஆகவே, ஆலைக்குப் பிந்திய வாழ்வுக்கும் அரசுக்கு ஒரு கடன் இருக்கிறது. ஆலையைத் திறப்பதால் அந்தக் கடன் தீராது என்பதே என் வாதம்.

தொடக்கக் கதை பெருமைக்குரியதுதான். சுதந்திரத்துக்குப் பிந்திய முதல் அமைச்சரவையில் ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்பட்ட பெயர் காங்கேசன்துறை. 1950இல் அங்கே உற்பத்தி தொடங்கியது. இடத்தேர்வில் குறை சொல்ல முடியாது: காலடியில் சுண்ணாம்புக்கல், 1902 முதல் ரயில், பக்கத்திலேயே துறைமுகம். களிமண் மட்டும் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. வெடிவைத்துப் பெயர்த்த கல்லை நொறுக்கி, களிமண்ணோடு அரைத்து, சுழலும் சூளைக்குள் ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டால் கருஞ்சாம்பல் நிற உருண்டைகளாக விழும், அதுதான் கிளிங்கர். ஜிப்சம் சேர்த்து அதை அரைத்தால் சீமெந்து. இங்கே சுட்ட கிளிங்கர் தெற்கே காலிக்குப் போய் அங்குள்ள ஆலையில் அரைபட்டது. வடக்கின் கல், களிமண், தெற்கின் அரைவை எல்லாம் ஒரே அரச கூட்டுத்தாபனத்தின் கணக்கில் ஓடிய காலம் ஒன்று இருந்தது என்பதை இன்று நம்புவது கொஞ்சம் கடினம். 1980களில் லங்கா சீமெந்து என்ற கம்பனியும் அதே வளவில் சேர்ந்துகொண்டது.

ஆனால் ஆலை தின்ற கல் வெறும் கல்லல்ல. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மழைக்கு மட்டும் ஓடும். பெய்யும் மழை செம்மண் வழியே இறங்கிச் சுண்ணாம்புப் பாறையின் துளைகளில் தங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் இதைக் கண்ணால் அறியலாம்: மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. காங்கேசன்துறையை உள்ளடக்கிய வலிகாமப் பகுதியின் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் அந்தப் படையை நம்பியவை. பாறையில் ஓரிடத்தில் நடப்பது அங்கேயே நிற்பதும் இல்லை. சுன்னாகத்தில் மின்னுற்பத்தியோடு வந்த எண்ணெய்க் கழிவு சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்ததும், வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனதும் எல்லோருக்கும் தெரியும். கரையோரத்தில் கல் அகழ்வது என்பது நீர்த்தொட்டியின் சுவரையே உடைத்து விற்பது. ஊருக்குச் சம்பளம் வந்த நாளிலேயே தோட்டக்காரனின் கணக்கில் செலவு ஏறத் தொடங்கிவிட்டது. யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆலையை மூடியது போர்தானே, அதற்கு எந்த அரசு திட்டம் போட்டிருக்க முடியும் என்று கேட்கலாம். 1990ஐப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. வலிகாமம் வடக்கு முழுவதும் இடம்பெயர்ந்தது. ஆலை வளவு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. 2009க்குப் பின் அந்தப் பதில் செல்லாது. 2013இல் வந்தது மாற்றுத்தொழில் திட்டமல்ல. 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கும் அறிவித்தல். மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் திரும்ப 2017 ஆயிற்று. திடீரென்று மூடினால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் சரியல்ல. அயர்லாந்தின் மத்தியப் பகுதியில் சதுப்பு நிலத்து மக்கிய கரியை வெட்டி எரித்த இரண்டு மின்நிலையங்கள் இன்னும் பல ஆண்டு ஓடும் என்றே ஊர்கள் நம்பியிருந்தன. 2019 ஜூலையில் அவற்றில் ஒன்றுக்குத் திட்ட அனுமதி மறுக்கப்பட்டது. 2020 டிசம்பரில் இரண்டுமே நின்றன. அந்த இடைவெளிக்குள் அரசு தனி ஆணையாளரை நியமித்தது, நிதியம் அமைத்தது, வெட்டிய சதுப்பு நிலத்தைச் சீராக்க 10.8 கோடி யூரோ ஒதுக்கியது. கரி வெட்டிய தொழிலாளர்களே சம்பளத்துக்கு வடிகால்களை அடைத்து நிலத்தை மறுபடி நனைத்தார்கள். அங்கேயும் முணுமுணுப்பு இருந்தது. பணம் பிந்தியது, வேலை போதவில்லை என்றார்கள். இருந்தாலும் குழிக்கும் தொழிலாளிக்கும் ஒரே திட்டம் என்ற அடிப்படை சரியானது.

அந்நிய உதாரணம் வேண்டாம் என்பவர்களுக்குக் குடாநாட்டிலேயே ஒன்று உண்டு. கள்ளுத்தவறணைகளைக் குத்தகைக்காரர் நடத்திய காலம் போய், 1970களில் சீவல் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது. சாதி ஒடுக்குமுறையையும் தரகரின் பிடியையும் ஒருசேரச் சுமந்த ஒரு சமூகத்துக்கு அரசின் சட்டம் பிடிமானம் கொடுத்தது, விற்பனை அவர்கள் கைக்கே வந்தது. குறைகள் ஏராளம். ஆனால் போருக்குப் பின்னும் அந்தச் சங்கங்கள் எஞ்சி நின்றன. கூட்டுத்தாபனத்தின் கட்டடமாக மட்டும் இருந்த சீமெந்து ஆலை இரும்புக்கூடாக எஞ்சியது.

வேலையில்லாத வடக்கில் மறுபடி வரக்கூடிய ஒரு கனரகத் தொழிலையும் வேண்டாம் என்பதா? சீமெந்து இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி கரையவில்லையா? இரண்டும் பலமான கேள்விகள். பதில் பழைய வரலாற்றிலேயே இருக்கிறது: காலி ஆலை தன் ஊரில் கல் அகழாமல் கிளிங்கரை வரவழைத்து அரைத்தது. காங்கேசன்துறைக்கும் அது பொருந்தும்; துறைமுகம் இருக்கிறது, ரயில் 2015 முதல் மறுபடி ஓடுகிறது. கிளிங்கரை வாங்குவதற்கும் டொலர் வேண்டும் என்பது உண்மை, சேமிப்பு சிறிதாகவே இருக்கும். உப்பேறிய கிணற்றை மீட்க எத்தனை டொலர் என்று அதே தாளில் எழுதினால்தான் கணக்கு முழுமையாகும். அரைவை ஆலை வந்தாலும் அது பழைய அளவுக்கு ஆள் எடுக்காது. மீதிப் பேருக்கு வேலை, கைவிடப்பட்ட குழிகளை அளந்து, எது கடல்மட்டத்துக்குக் கீழே போயிருக்கிறது, எதில் மழைநீரைத் தேக்கலாம், எதைத் தூர்க்கவேண்டும் என்று பிரித்துச் செய்வதில் தொடங்கலாம். பழைய ஊழியர்களும் அவர்களின் பிள்ளைகளும் அதில் முதல் உரித்துக் கோர நியாயம் உண்டு.