மின் சக்கர நாற்காலிக்கு ரோபோ ஓட்டுநர் உதவி: செயல்படுவது எப்படி? முடிவெடுப்பது யார்?

மின் சக்கர நாற்காலியைப் பெறுவதற்கு நடக்க இயலாமை மட்டும் போதுமானதன்று. அதைப் பாதுகாப்பாக ஓட்ட முடியும் என்று மதிப்பீட்டாளரிடம் நிரூபிக்க வேண்டிய நடைமுறையும் பல நாடுகளில் உள்ளது. கை நடுக்கம், பார்வைக் குறைவு, தசைத் தளர்ச்சி, மறதி போன்றவற்றால் இதில் தேற இயலாதவர்கள் பிறர் தள்ளிச் செல்லும் நாற்காலியையே நம்பியிருக்க நேர்கிறது. இத்தகையோரும் தாமே ஓட்டிச் செல்ல வழிவகுக்கும் நோக்கில் உருவாக்கப்பட்டு வருவதே ரோபோ தொழில்நுட்பம் சார்ந்த ஓட்டுநர் உதவி.

தேவை என்ன?

இரண்டாம் உலகப் போரில் காயமடைந்து கை, கால் செயலிழந்த வீரர்களுக்காக, கனடா தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் பொறியாளர் ஜார்ஜ் கிளைன் தலைமையிலான குழு மின் சக்கர நாற்காலியை உருவாக்கியது. ஜாய்ஸ்டிக்கைக் கையால் இயக்க முடியாதவர்களுக்காகத் தாடை, தலை அசைவு, குழாயில் ஊதுதல் ஆகியவற்றால் இயங்கும் கருவிகள் பின்னர் வந்தன. எனினும் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை.

அமெரிக்க மறுவாழ்வு சிகிச்சையாளர்களிடம் நடத்தப்பட்டு 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, மின் நாற்காலிப் பயிற்சி பெறுவோரில் 9 முதல் 10 சதவீதத்தினரால் அன்றாடப் பணிகளுக்கு அதைப் பயன்படுத்துவது மிகக் கடினம் அல்லது இயலாத காரியம். நாற்காலியைத் திருப்பி ஓட்டுவதில் 40 சதவீதத்தினர் இதே நிலையில் இருந்தனர். வழக்கமான முறையில் ஓட்ட இயலாதவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தானியங்கி வழிகாட்டும் அமைப்பு பயனளிக்கும் என்று சிகிச்சையாளர்கள் கருதினர்.

செயல்படும் விதம்

நாற்காலியைச் சுற்றிலும் மீயொலி சென்சார், ரேடார், கேமரா போன்றவை பொருத்தப்படுகின்றன. இவை சுவர், மேசைக் கால், ஆட்கள் ஆகியவற்றின் தொலைவை அளந்தபடி இருக்கும். பயனாளி ஜாய்ஸ்டிக்கை அசைத்ததும், அந்தக் கட்டளையைக் கணினி இந்த அளவீடுகளுடன் ஒப்பிடும். பாதை தெளிவாக இருந்தால் கட்டளை அப்படியே மோட்டாருக்குச் செல்லும். மோதும் அபாயம் இருந்தால் வேகம் குறையும். திசை சற்று மாறும். அல்லது நாற்காலி நிற்கும். மனிதரும் இயந்திரமும் சேர்ந்து ஓட்டும் இம்முறை 'பகிர்வுக் கட்டுப்பாடு' எனப்படுகிறது.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1987-இல் தொடங்கிய திட்டம் இதன் முன்னோடிகளில் ஒன்று. கடும் குறைபாடுகள் கொண்ட குழந்தைகளுக்கான அந்த நாற்காலி, எதிலாவது மோதினால் தானே பின்வாங்கும். தரையில் ஒட்டிய கோட்டைப் பின்தொடரும்.

1990-களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'நாவ்சேர்' ஓர் அடிப்படைச் சிக்கலை வெளிப்படுத்தியது. தடைகளை விட்டு விலகுமாறு வடிவமைக்கப்பட்ட இயந்திரத்துக்குக் கதவு நிலையும் ஒரு தடைதான். ஆகவே, அறைக்குள் நுழைவதே கடினமானது. இதற்காக வாசலைக் கடப்பதற்கும் சுவரை ஒட்டிச் செல்வதற்கும் தனித்தனி இயக்க முறைகள் சேர்க்கப்பட்டன. பயனாளி எதை விரும்புகிறார் என்று ஊகிப்பது, தடையைக் கண்டறிவதைக் காட்டிலும் கடினமான பணியாகவே நீடிக்கிறது.

மூன்று நிலைகள்

இன்றைய கருவிகளை மூன்று நிலைகளாகப் பிரிக்கலாம்.

எச்சரிக்கை மட்டும்: கனடாவின் பிரேஸ் மொபிலிட்டி நிறுவனத்தின் சென்சார்கள், கண்ணுக்குத் தெரியாத பக்கங்களில் உள்ள தடைகளை ஒளி, ஒலி, அதிர்வு மூலம் தெரிவிக்கின்றன. நாற்காலியின் இயக்கத்தில் இவை தலையிடுவதில்லை.

தலையிடுபவை: அமெரிக்காவில் 2020-இல் அறிமுகமான 'லூசி' கருவி, ஏற்கெனவே உள்ள மின் நாற்காலியுடன் இணைக்கப்படுகிறது. தடையோ படிக்கட்டு போன்ற பள்ளமோ தென்பட்டால் வேகத்தைக் குறைத்து நிறுத்துகிறது.

தானியங்கி: டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் 2020 முதல் வில் நிறுவனத்தின் நாற்காலிகள் பயணியை அவர் தேர்வு செய்யும் வாயிலுக்குக் கொண்டு சேர்த்துவிட்டுத் தாமே திரும்புகின்றன. நிலையான வரைபடமும் சமதளத் தரையும் உள்ள இடங்களுக்கு இம்முறை ஏற்றது.

வரம்புகள்

எந்தவொரு சென்சாரும் எல்லாச் சூழலுக்கும் போதுமானதன்று. மீயொலி அலைகள் மென்மையான திரைகளிலும் சாய்வான பரப்புகளிலும் சரியாகப் பிரதிபலிப்பதில்லை. கண்ணாடிக் கதவு லேசரை ஏமாற்றக்கூடும். வெயில் சில கேமராக்களைத் தடுமாறச் செய்யும்.

உரிமை சார்ந்த கேள்வியும் எழுகிறது. மேசையருகே செல்ல விரும்புபவரை இயந்திரம் தடுத்தால், பாதுகாப்பே கட்டுப்பாடாக மாறிவிடும். சாலையைக் கடக்கும்போது காரணமின்றி நின்றுவிட்டால், அதுவே ஆபத்தாகும். எனவே உதவியின் அளவை மாற்றவும், தேவையெனில் அணைக்கவும் பயனாளிக்கு வாய்ப்பு இருக்க வேண்டியது அவசியமாகிறது. அதே வேளையில், அறிவாற்றல் குறைபாடு உள்ளவரிடம் அந்த அதிகாரத்தை எந்த அளவுக்கு அளிப்பது என்பதற்கு எளிய விடை இல்லை.

இந்தியாவில்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களில் சுமார் 54 லட்சம் பேர் இயக்கக் குறைபாடு உடையவர்கள். சென்னை ஐஐடியில் உருவாகி 2021-இல் அறிமுகமான 'நியோபோல்ட்', சக்கர நாற்காலியுடன் இணையும் மோட்டார் வாகனம். இதைப் பயனாளியே கையால் ஓட்ட வேண்டும்.

இங்கு தொழில்நுட்பத்தைவிடப் பாதையே முதல் தடையாக உள்ளது. உடைந்த நடைபாதையையும் மூடப்படாத வடிகாலையும் சென்சார் கண்டறிந்து நாற்காலியை நிறுத்தலாம். அமர்ந்திருப்பவர் விழாமல் தப்புவார், ஆனால் அங்கிருந்து நகர முடியாது. அணுகல்தன்மைக்குக் கட்டாயமான தர விதிகளை வகுக்குமாறு 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சாய்தளமும் சமமான நடைபாதையும் அமைந்த பிறகே ஓட்டுநர் உதவி, அதை நம்பியிருப்பவரை வீட்டு வாசலுக்கு அப்பால் அழைத்துச் செல்லும்.