மோன்த்ரூவில் எரிந்த கேசினோவும் ஒரு ராக் பாட்டும்

டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ உண்மையில் நடந்த ஒரு தீ விபத்தைச் சொல்லும் பாட்டு. ஊர், ஆட்கள், அலைச்சல் எல்லாம் நடந்த வரிசையிலேயே அதில் வருகின்றன. 1972 மார்ச்சில் வெளியான ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தில் அது இடம்பெற்றது.

1971 டிசம்பரில் இந்த ஆங்கிலேயக் குழு சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோன்த்ரூவுக்கு வந்தது. மேடைக் கச்சேரியில் தங்களுக்கு வாய்க்கும் முழக்கம் ஸ்டுடியோவில் வருவதில்லை என்பது அவர்களுடைய குறை. குளிர்காலத்துக்கு மூடவிருந்த அவ்வூர்க் கேசினோவின் அரங்கில் வாசித்துப் பதிவு செய்வதென்று முடிவானது. ஒலிப்பதிவுக் கருவிகளை ஒரு லாரியில் பொருத்தி ரோலிங் ஸ்டோன்ஸ் குழு வைத்திருந்த நடமாடும் ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

மூடுவதற்கு முன் அங்கே ஒரு கச்சேரி பாக்கியிருந்தது. டிசம்பர் 4 அன்று அமெரிக்கரான ஃபிராங்க் ஸாப்பாவின் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் ஒருவர் ஃப்ளேர் துப்பாக்கியை மேல்நோக்கிச் சுட்டார். பிரம்பு வேய்ந்த கூரையில் தீப்பற்றியது. மோன்த்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான குளோட் நோப்ஸ், உள்ளே மாட்டிக்கொண்ட இளைஞர்களை வெளியே கொண்டுவர உதவினார். அதனால் பாட்டிலும் இடம்பிடித்தார். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கேசினோ முழுதும் எரிந்தது; ஸாப்பா குழுவின் வாத்தியங்களும் போயின.

ஏரியின் மேல் புகை பரவிய காட்சியை டீப் பர்ப்பிள் குழுவினர் நேரில் பார்த்தார்கள். சில நாள் கழித்துத் தூக்கம் கலையும் நேரத்தில் பாட்டின் தலைப்பு பேஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் குளோவருக்குத் தோன்றியது.

மெட்டு பிறந்த கதை தனி. இடம் தேடி அலைந்த குழுவுக்கு நோப்ஸ் ‘பவிலியன்’ என்ற அரங்கை ஏற்பாடு செய்து கொடுத்தார். அங்கே இரவில் வாசித்த சத்தம் தாங்காமல் ஊரார் புகார் செய்ய, போலீஸ் வந்தது. வெளியேறுவதற்குள் ஒரு பாட்டுக்கான வாத்திய இசை மட்டும் பதிவாகியிருந்தது. மீதி வேலை, ஆளில்லாமல் மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைவழிகளில், சத்தத்தை அடக்க மெத்தைகளைச் சாத்திவைத்து நடந்தது. பவிலியனில் பதிவான இசைக்கு, குழுவின் பாடகர் இயன் கில்லன் பின்னர் அந்த அனுபவத்தையே வரிகளாக்கிப் பாடினார்.

பாட்டின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோரின் ரிஃப். இரண்டு தந்திகளை விரல்களால் ஒன்றாகச் சுண்டி வாசிக்கும் சின்ன ஸ்வரக்கோவை அது. கிட்டார் தனியாகத் தொடங்க, மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. ஜான் லார்ட் தம் ஹாம்மண்ட் ஆர்கனை கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியே உறுமவிட்டு அதே ரிஃபை வாசித்தார். கிட்டாரின் கனம் என்று கேட்பவர்கள் நினைப்பதில் பாதி ஆர்கனுடையது.

குழுவினர் இந்தப் பாட்டைப் பெரிதாக எண்ணவில்லை. ஆல்பத்திலிருந்து முதலில் தனி இசைத்தட்டாக வெளியிட்டது ‘நெவர் பிஃபோர்’ என்ற வேறொரு பாட்டை; அது எடுபடவில்லை. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ அமெரிக்காவில் 1973இல்தான் தனி இசைத்தட்டாக வந்து, பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம்வரை ஏறியது.