இரண்டு மொழித் தினங்களும் நமது சிவப்புப் பேனையும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

டிசம்பர் 18 உலக அரபு மொழித் தினம். 1973இல் அந்த நாளில்தான் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அரபியைத் தனது உத்தியோகபூர்வ மொழிகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. நம்மில் பலருக்கு இது தெரியும். ஓகஸ்ட் 29 தெலுங்கு மொழித் தினம். இது நம்மில் பலருக்குத் தெரியாது. அன்று ஒரு பாடசாலை ஆசிரியரின் பிறந்த நாள். அவர் பெயர் கிடுகு வெங்கட ராமமூர்த்தி.

அரபிக்கும் தெலுங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பிறப்பில் ஒன்றுமில்லை. அரபி செமிட்டிக் குடும்பம். க-த-ப என்ற மூன்று மெய்களிலிருந்தே கிதாப், காதிப், மக்தப் என்று சொற்கள் பிறக்கும். தெலுங்கு நமது தமிழின் உடன்பிறப்பு. இல்லு, ஊரு, பாலு, கன்னு என்றால் படிக்காதவருக்கும் விளங்கும்.

ஆனால் இரண்டு மொழிகளும் ஒரே சிக்கலைச் சந்தித்தன. எழுத்துக்கு ஒரு மொழி, வாய்க்கு ஒரு மொழி. அந்தச் சிக்கலுக்கு அவை எடுத்த முடிவுகள் நேர் எதிரானவை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மொழி கற்பிக்கும் நமக்கு மிகவும் பயனுள்ளது.

முதலில் அரபி. "இப்போது" என்பதற்கு எழுத்து அரபியில் அல்ஆன். எகிப்தில் தில்வக்தி. சிரியாவிலும் லெபனானிலும் ஹல்லஃ. வளைகுடாவில் அல்ஹீன். மொரோக்கோவில் தாபா. ஒரு சின்னச் சொல்லுக்கே இந்த நிலை. வெளிநாட்டில் பத்து வருடம் வேலை செய்துவிட்டு வந்த நம்மூர்ச் சகோதரர் அல்ஹீன் என்பார். மத்ரஸாவில் ஏழு வருடம் ஓதிய மௌலவி அல்ஆன் என்பார். இருவரும் படித்தது அரபிதான்.

எழுத்து அரபிக்கு இலக்கணம் வகுத்தவர்களில் தலையாயவர் 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த ஸீபவைஹி. அவரே ஒரு பாரசீகர். குர்ஆனைப் பிழையின்றி ஓத வேண்டும், புதிதாக இஸ்லாத்துக்கு வந்த பல இனத்தாரும் அரபி கற்க வேண்டும் என்ற தேவைகளிலிருந்தே அந்த இலக்கணம் வளர்ந்தது. அந்தக் கட்டுக்கோப்பு இன்றும் அசையவில்லை. 1988இல் நோபல் பரிசு பெற்ற எகிப்தியர் நஜீப் மஹ்பூஸ், கெய்ரோவின் சந்துகளைப் பற்றி எழுதியபோதும் பாத்திரங்களின் பேச்சை எழுத்து அரபியிலேயே எழுதினார்.

இனித் தெலுங்கு. 11ஆம் நூற்றாண்டில் நன்னய்யா மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். அந்தக் காவிய மொழியை அடிப்படையாகக் கொண்டு, சென்னை மாநிலக் கல்லூரியின் தெலுங்குப் பண்டிதர் பரவஸ்து சின்னயசூரி 1858இல் பாலவியாகரணம் என்ற இலக்கணத்தை வெளியிட்டார். பள்ளிக்கூட உரைநடைக்கும் அதுவே அளவுகோலாயிற்று. இதற்குக் கிராந்திகம் என்று பெயர். வீட்டில் "சேஸ்துன்னாடு" (செய்கிறான்) என்று பேசும் பிள்ளை, கொப்பியில் "சேயுசுன்னாடு" என்று எழுத வேண்டும். நூற்றாண்டுகளுக்கு முந்திய கவிஞரின் வாயால் இன்றைய பிள்ளை பேச வேண்டியிருந்தது.

இரண்டு இடங்களிலும் இந்த இடைவெளியைக் கேள்வி கேட்டு ஓர் ஆங்கிலேயர் வந்தார்.

எகிப்தில் வந்தவர் வில்லியம் வில்கொக்ஸ். நீர்ப்பாசனப் பொறியியலாளர். எகிப்தியரிடம் புதிதாகக் கண்டுபிடிக்கும் ஆற்றல் இல்லாமற் போனதற்கு எழுத்து அரபியே காரணம் என்றும், பேச்சு மொழியில் எழுதத் தொடங்குங்கள் என்றும் 1893இல் கெய்ரோவில் உரையாற்றினார். பிரித்தானியப் படை எகிப்தைக் கைப்பற்றி 11 வருடங்கள்தான் ஆகியிருந்தன. நாட்டைப் பிடித்தவன் இப்போது குர்ஆனின் மொழியையும் பிடுங்க வருகிறான் என்றே மக்கள் விளங்கிக்கொண்டார்கள். 1903இல் கவிஞர் ஹாபிஸ் இப்ராஹீம், அரபி மொழியே எழுந்து நின்று முறையிடுவதாக ஒரு கவிதை எழுதினார். அரபு நாடுகளின் பாடசாலைகளில் இன்றும் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். பேச்சு மொழிக் கோரிக்கை அங்கே எழும்பவே இல்லை.

ஆந்திரத்தில் வந்தவர் யேட்ஸ். பள்ளிக்கூடப் பரிசோதகர். பிள்ளைகள் பேசும் தெலுங்கு ஒன்று, படிக்கும் தெலுங்கு வேறொன்றாக இருக்கிறதே என்று 1906 அளவில் கேட்டார். அந்தக் கேள்வியை உள்ளூர் ஆசிரியர்களே தமதாக்கிக்கொண்டார்கள். முன்னுக்கு நின்றவர் கிடுகு.

1863இல் பிறந்த கிடுகு, 1880இல் பர்லாகிமிடி பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகச் சேர்ந்தவர். பக்கத்து மலைகளில் சவரர் என்ற பழங்குடியினர் வாழ்ந்தார்கள். அவர்களின் மொழியைத் தாமாகவே கற்று, அதற்கு இலக்கணமும் அகராதியும் செய்தார். அவர்களுக்கு அவர்களின் மொழியிலேயே பள்ளிக்கூடமும் நடத்தினார். தெலுங்குப் போராட்டத்துக்கு அவர் வந்தது இந்த வழியாகத்தான்.

அவருக்கு உறுதுணையாக நின்றவர் குரஜாடா அப்பாராவ். பேச்சுத் தெலுங்கில் கன்யாசுல்கம் என்ற நாடகத்தை எழுதியவர். எதிர்ப் பக்கத்தில் ஜயந்தி ராமய்யா பந்துலுவும் பண்டிதர்களும் நின்றார்கள். பிள்ளைகள் பரீட்சைக் கட்டுரையை எந்த நடையில் எழுதலாம் என்பதே வழக்கு. 1914இல் பெரும்பான்மை கிராந்திகத்தின் பக்கமே சாய்ந்தது. குரஜாடா தமது மாற்றுக் கருத்தை நீண்ட அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடமே காலமானார்.

கிடுகு விடவில்லை. 1919இல் 'தெலுகு' என்ற மாத இதழைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பழைய இலக்கியத்தை அவர் வெறுக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஏடுகளையும் கல்வெட்டுகளையும் கரைத்துக் குடித்தவர் அவர். பண்டிதர்களின் நூல்களை எடுத்து, கிராந்திகத்தை அவர்களாலேயே பிழையின்றி எழுத முடியவில்லை என்று வரிவரியாகக் காட்டினார். பெரிய பண்டிதருக்கே முடியாததைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்கலாமா? 1940இல் அவர் மறைந்தபோது வழக்கு முடிந்திருக்கவில்லை. ஆனால் பத்திரிகைகளும் கதைகளும், பின்னர் பாடப்புத்தகங்களும் அவர் பக்கம் வந்து சேர்ந்தன.

அப்படியானால் தெலுங்கு செய்தது சரி, அரபி செய்தது பிழையா? அப்படி நாம் சொல்ல மாட்டோம்.

தெலுங்கு பேசுவோர் அடுத்தடுத்த மாவட்டங்களில் வாழ்பவர்கள். படித்தவரின் பேச்சு எல்லோருக்கும் விளங்கியது. அதை எழுத்துக்குக் கொண்டுவந்தால் மொழி உடையாது. அரபு லீக்கில் மட்டும் 22 நாடுகள். ஒவ்வொன்றும் தன் பேச்சை எழுதத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு மோல்டா சாட்சி. அந்தத் தீவின் மொழி அரபியிலிருந்து பிறந்தது. இன்று இலத்தீன் எழுத்தில் எழுதப்படும் தனி மொழி. மொரோக்கோக்காரரையும் ஈராக்கியரையும் ஒரே பத்திரிகையை வாசிக்க வைப்பது எழுத்து அரபிதான். எல்லாவற்றுக்கும் மேலாகக் குர்ஆன் இருக்கிறது. அந்த மொழியைக் கைவிட்டால் கைவிடுவது இலக்கணத்தை மட்டுமல்ல.

ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அரபுப் பிள்ளை பாடசாலைக்கு வரும் முதல் நாளே, தன் உம்மாவிடம் கற்காத ஒரு மொழியில் எழுதப் படிக்கத் தொடங்குகிறது. அந்த விலையைக் கொடுப்பது பெரியவர்கள் அல்ல, ஆறு வயதுப் பிள்ளை.

இந்த இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று தொடாமலும் இல்லை. கோல்கொண்டாவை 1518 முதல் 1687 வரை ஆண்ட குதுப் ஷாஹிகளின் காலத்திலும் அதன் பின்பும், பாரசீகத்தின் வழியே அரபுச் சொற்கள் தெலுங்கரின் வாயில் ஏறின. ஹக்கு, வசூலு, பாக்கி, ரத்து, அசலு, நகலு, ஜவாபு எல்லாம் அவர்களின் அன்றாடப் பேச்சு. இவற்றில் பாதியை நாமும் பேசுகிறோம். இன்னொன்று: வடசொல் கலவாத தனித் தெலுங்கில் எழுந்த முதற் காவியம் பொன்னிகண்டி தெலகனாரியரின் யயாதி சரித்திரம். அது சமர்ப்பிக்கப்பட்டது இப்ராஹீம் குதுப் ஷாவின் அதிகாரியான அமீன் கானுக்கு.

இவ்வளவும் எழுத ஒரு காரணம் உண்டு. தரம் 6இல் ஒரு பிள்ளை "எனது குடும்பம்" என்ற கட்டுரையில் "என்ட உம்மா ஊட்ட இரிக்கா" என்று எழுதியிருந்தது. நாம் சிவப்புப் பேனையால் வட்டமிட்டோம். நான்கு வட்டங்கள். அடுத்த கட்டுரையில் அந்தப் பிள்ளை மூன்றே வரி எழுதியது. அந்த மூன்று வரியிலும் பிழை இல்லை. உம்மாவும் இல்லை.

பரீட்சைக்கு எழுத்துத் தமிழ் வேண்டும். அதை நாம் கட்டாயம் கற்பிக்க வேண்டும். பல ஊர்த் தமிழரை இணைப்பதும் அதுதான். அதில் நாம் அரபியின் பக்கம். ஆனால் "இது பிழை" என்பதற்கும் "இது வீட்டுப் பேச்சு, எழுதும்போது இப்படி எழுதுவோம்" என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தைக் கிடுகுவிடம் கற்றுக்கொள்ளலாம்.

அக்கரைப்பற்றை அடுத்த அளிக்கம்பையில் ஒரு குறவர் சமூகம் வாழ்கிறது. அவர்களின் வீட்டு மொழி தெலுங்கு. பாடசாலையில் தமிழ். தெலுங்கைத் தேடி நாம் ஆந்திரம் வரை போக வேண்டியதில்லை. அப்படி ஒரு பிள்ளை நமது வகுப்பில் வந்து உட்கார்ந்தால் அதன் கொப்பியில் எத்தனை வட்டம் போடுவோம்?

ஆசிரியச் சகோதர சகோதரிகளே, உங்கள் வகுப்பு அனுபவத்தையும் எழுதுங்கள். நாமும் திருந்திக்கொள்கிறோம்.